இருபது படி நெல்லும் பதுருன்னிசாவின் கையும்

உத்திரமேரூர் பஜார் தெருவில் 'அஹமது பாட்சா தானிய மண்டி' என்று பலகை மாட்டிய கடை. முன்பக்கம் அரிசி, நடுவில் பருப்பும் மாட்டுத்தீவனமும், கடைசியில் நெல் மூட்டைகள். மூட்டைகளுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு மேஜையும் நாற்காலியும் போடும் அளவுக்கு இடம் உண்டு. பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஜாஹிரா அங்கே உட்கார்ந்திருப்பாள். அந்நேரம் கடைக்கு ஆள் வருவது குறைவு. கணவன் பர்வேஸ் கல்லாப்பெட்டி மேல் கையை வைத்து, கைமேல் தலையை வைத்துத் தூங்குவான்.

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்பதற்குத் தெருவில் இரண்டு மூன்று பதில்கள் இருந்தன. ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறாள் என்றார்கள் சிலர். ஏதோ கம்பெனிக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள் என்றார்கள் சிலர். மாமியார் பதுருன்னிசா மட்டும் மகனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, எதிர்வீட்டு மார்த்தாளிடம், "எம் மருமவ லைப்ரரில வேல பாக்குது" என்று சொல்லிவைத்தாள். மறுவாரம் மார்த்தாள் இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்து ஜாஹிராவின் மேஜைமேல் வைத்தாள்.

"மூணு மாசமா வூட்லயே கெடக்குது. ஃபைன் போடாம நீயே உள்ள வெச்சுடும்மா."

ஜாஹிரா மறுக்கவில்லை. அன்று மாலை கிளை நூலகத்துக்குப் போய் அபராதத்தைத் தானே கட்டிவிட்டு வந்தாள். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

அவள் வேலை பார்க்கும் லைப்ரரி கணினிக்குள் இருப்பது. மணல், ஜல்லி, தானியம் மாதிரி உதிரியாகக் கிடக்கும் பொருள்களைக் கொட்டினால் எப்படி விழும், எவ்வளவு உயரம் குவியும், எந்தச் சரிவில் வழுக்கும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டும் நிரல்களின் தொகுப்பு. அதற்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம். தப்பு கண்டால் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதை நாலு பேர் பார்த்து, சரி என்றால் சேர்ப்பார்கள். சம்பளம் இல்லை. சிலி நாட்டில் ஒரு சுரங்கக் கல்லூரியில் வேலை பார்க்கும் டேனியல் என்பவர் தொடங்கிவைத்தது. ஏரித் தண்ணீர் மாதிரி என்று பர்வேஸுக்கு அவள் சொல்லியிருந்தாள். மதகைத் திறந்து மூட ஆள் உண்டு, தண்ணீருக்குச் சொந்தக்காரன் இல்லை.

ஜாஹிரா பிறந்த ஊர் பெருநகர். அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். தினமும் பஸ்ஸில் போய்வந்து காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தாள். கடைசித் தேர்வு முடிந்த பன்னிரண்டாம் நாள் நிக்காஹ். மேலே படிக்கட்டும் என்றுதான் பெண் பார்க்க வந்த அன்று சொன்னார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அடுத்தடுத்து ஏதாவது இருந்தது. மகள் ஷப்ரீன் பிறந்தாள். மாமனாருக்குச் சர்க்கரை வந்தது. கொழுந்தன் ஹாரிஸ் ஷார்ஜா போனான். பத்து வருடம் கழித்து, ஊரடங்கில் எல்லாம் மூடிக்கிடந்தபோது, ஹாரிஸ் விட்டுப்போன மடிக்கணினியை மகளின் வகுப்புக்காகத் திறந்தாள். வகுப்பு ஒரு மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கணினி சும்மா இருக்கும்.

அப்படித்தான் அந்த லைப்ரரி அவள் கண்ணில் பட்டது. அதன் பயிற்சிப் பக்கங்களில் முதலாவதைச் செய்து பார்த்தாள். கையிலிருந்து விட்ட பந்து கீழே விழ வேண்டும். அவள் திரையில் பந்து மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. தான் எங்கோ கோட்டை விட்டதாக நினைத்து நான்கு நாள் தேடினாள். பக்கத்தில் எழுதியிருந்ததே தப்பு என்பது ஐந்தாம் நாள்தான் தோன்றியது. புவியீர்ப்புக்கு முன்னால் போட வேண்டிய கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. அதை எழுதி அனுப்ப மேலும் இரண்டு நாள் ஆனது. எத்தனையோ பேர் பார்த்த பக்கம், அவர்களுக்குத் தெரியாததா என்ற தயக்கம்.

"நன்றி, சேர்த்துவிட்டேன்" என்று டேனியல் பதில் எழுதியிருந்தார். ஜாஹிரா அதைப் பர்வேஸிடம் காட்டினாள்.

"இன்னா பண்ண?"

"ஒரு கோடு போட்டேன்."

"அவ்ளோதானா?"

"பந்து இப்ப கீய வுளுது."

அந்த லைப்ரரியில் பொருள்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. ஆற்றுமணலுக்கு இவ்வளவு சொரசொரப்பு, ஜல்லிக்கு இவ்வளவு, மக்காச்சோளத்துக்கு இவ்வளவு, கோதுமைக்கு இவ்வளவு. ஒவ்வொன்றையும் யாரோ எங்கோ கொட்டி, அளந்து, எழுதியது. நெல் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று ஜாஹிரா கேட்டாள். யாரும் அளந்து தரவில்லை, உங்களிடம் நெல் இருந்தால் அளந்து கொடுங்கள் என்று டேனியல் எழுதினார். ஜாஹிரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று பக்கமும் நெல் மூட்டை.

செய்ய வேண்டியது கேட்பதற்கு எளிது. எடை தெரிந்த நெல்லைச் சமதரையில் ஒரே இடத்தில் கொட்ட வேண்டும். குவியலின் உயரத்தையும் அடிச்சுற்றையும் அளக்க வேண்டும். பிறகு கணினிக்குள் அதே எடை நெல்லைக் கொட்ட வேண்டும். அங்கே ஒரு நெல்மணி என்பது ஒட்டவைத்த மூன்று உருண்டைகள். மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள உராய்வைக் கூட்டியும் குறைத்தும், கணினிக் குவியல் தரைக் குவியலைப் போல ஆகும்வரை பார்க்க வேண்டும். எந்த உராய்வில் இரண்டும் ஒன்றாகிறதோ அதுதான் நெல்லின் எண்.

காவாந்தண்டலம் ராஜாராம் நன்றாகக் காயவைத்த குண்டு நெல்லைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கொட்டுவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. ஜாஹிரா செல்போனில் படம் பிடிக்க வேண்டும். பர்வேஸ் கல்லாவை விட்டு வர முடியாது.

அப்போது மாமனார் அஹமது பாட்சா இறந்து ஒன்பது மாதம். கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு கதவு. முப்பத்தைந்து வருடம் அந்தக் கதவருகே உட்கார்ந்து, வந்த பெண்களுக்கெல்லாம் பதுருன்னிசாதான் அளந்து போட்டாள். கணவன் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாக் காலம் முடிந்து மாதங்கள் ஆகியும் அந்தக் கதவை அவள் தாண்டவில்லை. சாப்பிட்டீங்களா என்றால் ம். மாத்திரை போட்டீங்களா என்றால் ம். ஹாரிஸ் போனில் வந்தாலும் ம் என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அன்று ஜாஹிரா சமையலறையில் பித்தளைப் படியை எடுத்தபோது, பதுருன்னிசா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு?"

பல வாரங்களில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"நெல்லு அளக்கணும் மாமி. இருவது படி."

"யாரு, நீயா?"

"ஆமா மாமி."

"நீ அளந்தா சிந்தும்" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

முதலில் ஒரு படி நெல்லின் எடை தெரிய வேண்டும். பதுருன்னிசா படியை நிரப்பி, விளிம்போடு உள்ளங்கையால் ஒரு வழி வழித்து, தராசுமேல் வைத்தாள். படியின் எடை போகத் தொள்ளாயிரத்து ஐந்து கிராம். மறுபடி நிரப்பினாள். தொள்ளாயிரத்து ஐந்து. பத்து முறை நிரப்பியதில் ஒன்பது முறை அதே எண், ஒரு முறை மட்டும் ஒரு கிராம் கூட. தராசில்தான் கோளாறு என்று பர்வேஸ் பக்கத்துக் கடைத் தராசை வாங்கிவந்து வைத்தான். அதுவும் அதையே காட்டியது.

பிறகு தரையில் கொட்டினார்கள். அந்த வீட்டில் முதல் படிக்கு ஒன்று என்று சொல்வதில்லை, பிஸ்மில்லா என்பார்கள். பிஸ்மில்லா, ரெண்டு, மூணு என்று பதுருன்னிசா எண்ணிக்கொண்டே போட்டாள். நெல் குவியலின் உச்சியில் விழுந்து, நான்கு பக்கமும் சரிந்து, நின்றது. இருபதாவது படியோடு கையைத் தட்டிக்கொண்டாள். ஜாஹிரா நாடாவைப் பிடித்து அளந்தாள். குவியலை வாரி மூட்டையில் கட்டினார்கள். மறுநாள் அதையே அவிழ்த்து மறுபடி கொட்டினார்கள். பத்து நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து, இரண்டு மணி அடிக்கும்போது பதுருன்னிசா படியோடு கதவருகே உட்கார்ந்திருந்தாள்.

"நேத்தையவிட இன்னிக்கு ஒரு விரக்கட ஒசரம் தெரில?" என்பாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமி."

"நாடாவ இறுக்கிப் புடி. தொவண்டுக்கினு கீது."

ஒருநாள் ராஜாராம் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா இது, அளக்குறீங்க, கொட்டுறீங்க, வாரிக் கட்டுறீங்க, மறுநா மறுபடி அவுக்குறீங்க. எங்கூட்டு நெல்லுக்கு வெக்கமா இருக்காதா?"

"வெக்கம் இன்னாத்துக்கு? பொண்ணு பாக்க வந்துக்கீறாங்க உன் நெல்ல. வெளிநாட்டு மாப்ள" என்றாள் பதுருன்னிசா.

கல்லாவிலிருந்து பர்வேஸ் எழுந்து வந்து அம்மாவைப் பார்த்தான். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

கணினிக் குவியல் தரைக் குவியலைவிடச் சிறியதாகவே வந்தது. மணிகள் நெருக்கிப் படுத்துக்கொண்டன. உராய்வைக் கூட்டினால் மணிகள் ஒன்றையொன்று தாங்கி, இடைவெளி விட்டு நிற்கும், குவியல் பெருக்கும். ஜாஹிரா கூட்டினாள். போதவில்லை. இன்னும் கூட்டினாள். கடைசியில் பொருந்திவந்த எண், அவள் எதிர்பார்த்ததைவிட அதிகம். உமி சொரசொரப்பானதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டேனியலும் இருக்கலாம் என்றார். நெல் பட்டியலில் ஏறியது. கோப்பின் தலைப்பில் இரண்டு வரிகள் எழுதினாள். அளந்தவர் பதுருன்னிசா. கணக்கிட்டவர் ஜாஹிரா.

மாமியாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"இத யாரு பாப்பாங்க?"

"நெல்லு வேணும்னு வர்றவங்க எல்லாம் பாப்பாங்க மாமி. எந்த ஊரா இருந்தாலும்."

"அளந்தவங்க பேரப் போட்டுக்கீறாங்களே" என்று பதுருன்னிசா மெதுவாகச் சொன்னாள். திரையைத் தொடப் போனவள், கையில் நெல்தூசி இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கோடையில் தானியப் பகுதியை முழுக்க ஜாஹிராவின் பொறுப்பில் விட்டார் டேனியல். அவள் பார்க்காமல் அதற்குள் எதுவும் நுழையாது. பதுருன்னிசா பழையபடி கதவருகே உட்கார்ந்து, மார்த்தாளுக்கு உளுந்து போட்டாள், சண்டை போட்டாள், ஹாரிஸிடம் போனில் அரைமணி நேரம் பேசினாள்.

இரண்டு வருடம் கழித்து, போன மாசி மாதத்தில் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவள் கீர்த்தி. ரெய்ச்சூர் பக்கத்தில் நெல் உலர்த்தும் இயந்திரம் செய்யும் சின்னப் பட்டறையில் வேலை பார்ப்பவள். நெல் வழுக்கி இறங்கும் சரிவுத்தகடு ஒன்றை இந்த லைப்ரரியை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறாள். சரிவு போதாது, நெல் நின்றுவிடும் என்று கணினி சொன்னது. அதன் பேச்சைக் கேட்டுத் தகட்டை இன்னும் சாய்த்து அடித்திருக்கிறார்கள். உண்மை நெல் நிற்காமல் ஓடி, பாதி காயாமல் வெளியே வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். உங்கள் குவியலின் பருமனுக்கு அந்த எடை குறைவாகத் தெரிகிறது, அளவில் ஏதோ பிழை இருக்கலாம், ஒருமுறை சரிபார்க்க முடியுமா?

அளவில் பிழை. ஜாஹிரா கணினியை மூடினாள்.

அந்த வீட்டில் பதுருன்னிசாவின் சமையலைக் குறை சொல்லலாம். பிடிவாதத்தைச் சொல்லலாம். அளவு தப்பு என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். பல வருடம் முன்பு, திருமுக்கூடலில் இருந்து வந்து வாங்கிப்போன ஒருவர் அரைப்படி குறைகிறது என்று சொல்லியனுப்பினார். அளந்து போட்டது பதுருன்னிசா. அஹமது பாட்சா கடையை அப்படியே போட்டுவிட்டு, படியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அவர்கள் வீட்டு வாசலில் நாலு பேரை வைத்துத் திருப்பி அளந்தார். பையில் எலி கடித்த ஓட்டை. அவர்கள் மன்னிப்புக் கேட்டுக் காபி கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டு வந்தார். பதுருன்னிசா மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஓட்டை என்று தெரிந்த பிறகும் சாப்பிடவில்லை. இந்தக் கதையைக் கல்யாணமான முதல் வாரமே ஜாஹிராவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் தன் கணக்கையே பிடித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. நாடாவைப் பார்த்தாள். அதுவும் சரி. பிறகு எண்ணிக்கைமேல் சந்தேகம் வந்தது. மாமி பிஸ்மில்லா சொல்லிவிட்டு, மறந்துபோய் அடுத்த படிக்கு ஒன்று என்று தொடங்கியிருந்தால் இருபத்தொரு படி ஆகியிருக்கும். செல்போன் படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பத்து நாளும் பிஸ்மில்லாவுக்கு அடுத்து ரெண்டுதான். பத்து நாளும் இருபது படிதான்.

அந்தப் படங்களை ஐம்பது முறையாவது பார்த்திருப்பாள். ஒவ்வொரு முறையும் குவியலின் சரிவையே பார்த்திருந்தாள். இப்போது எண்ணிக்கைக்காகப் படியைப் பார்த்தாள். படி கவிழ்ந்தது. நெல் விழுந்தது. காலிப் படி இடது கைக்குப் போனது. வலது கை மூட்டைக்குள் நுழைந்து, ஒரு பிடி நெல்லை எடுத்து, குவியலின் உச்சியில் போட்டுவிட்டு, மறுபடி படியைப் பிடித்தது.

ரெண்டு. வலது கை போய்வந்தது. மூணு. போய்வந்தது.

ஜாஹிரா படத்தை நிறுத்தினாள். தெருவில் எல்லாரும் போடும் கொசுறுதான். படி அளந்தால் மேலே ஒரு கை. பர்வேஸ் தராசில் நிறுத்த பிறகும் போடுவான். அவளே போடுவாள். எதிரிலேயே நின்று படம் பிடித்தவள், அதை ஒரு செயலாகவே பார்க்கவில்லை. தராசுமேல் படியை வைத்தபோது மாமி அதைப் போடவில்லை, அது யாருக்கும் கொடுக்கிற அளவு இல்லையே. அதனால் ஒரு படியின் எடை சரி. கொட்டிய இருபது படியின் எடைதான் தப்பு. ஒரு கை சுமார் நாற்பது கிராம் என்று வைத்தால், குவியலில் நூற்றுக்கு நாலரை பங்கு நெல் கூட இருந்திருக்கிறது. அந்தக் கூடுதல் பருமனை ஈடுகட்டத்தான் உராய்வை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றி, நெல்லை இல்லாத சொரசொரப்பாக்கி வைத்தாள்.

பர்வேஸ் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்லாம எப்பிடிங்க?"

"நாமளே மறுபடி அளந்து போட்டுடலாம். அவங்க தூங்கற நேரத்துல. முடிஞ்சுபோச்சு."

"அப்ப பழைய அளவ எடுத்துடணும். பேரு?"

"பேரு இருந்துட்டுப் போவுது."

"அவங்க அளக்காத அளவுக்கு அவங்க பேரு எப்பிடி இருக்கும்?"

ஆனாலும், பேரைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளப்போம் என்று வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பாடும் ஆகி, பதுருன்னிசா படுத்த பிறகு, இருவரும் நடுக்கதவைச் சாத்திவிட்டு மூட்டையை அவிழ்த்தார்கள். பர்வேஸ் படியைப் பிடித்தான். இரண்டு படி ஒழுங்காகப் போட்டான். மூன்றாவது படிக்கு அவன் வலது கை மூட்டைக்குள் போய்வந்தது.

"கை" என்றாள் ஜாஹிரா.

"இன்னா கை?"

"கைய போட்டீங்க."

"போடவே இல்லியே."

படத்தைக் காட்டினாள். பார்த்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாரி மறுபடி தொடங்கினார்கள். இந்தமுறை ஏழாவது படிக்குப் போனது. நீங்க தள்ளுங்க என்று செல்போனை அவனிடம் கொடுத்துவிட்டு, ஜாஹிரா அளந்தாள். மனதுக்குள் கை, கை என்று சொல்லிக்கொண்டே நான்கு படி போட்டாள். ஐந்தாவதில் எண்ணிக்கை சரியா என்று ஒரு நொடி யோசித்தாள். அந்த நொடியில் கை போய்வந்துவிட்டது. பர்வேஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

கதவு திறந்தது.

"படி சத்தம் கேட்டுது" என்றாள் பதுருன்னிசா. தரையில் கிடந்த நெல்லைப் பார்த்தாள். மருமகள் கையிலிருந்த படியைப் பார்த்தாள். "என்ன வுட்டுட்டு அளக்குறீங்க."

பர்வேஸ் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இன்னா, எனக்குக் கண்ணு தெர்லன்னா? கை நடுங்குதுன்னா? சொல்லிட்டு அளக்கறது."

ஜாஹிரா படியைக் கீழே வைத்தாள்.

"அப்டி இல்ல மாமி. நாம அப்ப அளந்த அளவுல ஒரு வித்தியாசம் வருதாம். ஒரு பொண்ணு எழுதிக்கீது."

பதுருன்னிசா நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"கொறயுதா?"

"இல்ல மாமி. கூடுது."

"எவ்ளோ?"

"இருவது படிக்கு முக்காப் படிக்கு மேல."

நிலையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பதுருன்னிசா வந்து தன் பலகையில் உட்கார்ந்தாள்.

"அட, அது கை" என்றாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுது மாமி."

"படி போட்டா கை போடாம எப்பிடி? வெறும் படி அளந்தா பரக்கத் ஏது, பெருக்கம் ஏது?"

"வாங்கறவங்களுக்குன்னா சரி. இது சும்மா தரைலதான மாமி கொட்டுனோம்."

"தரைக்கா போட்டேன்? வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்கன்னு நீதான சொன்ன. முன்னபின்ன தெரியாதவங்க, நம்மகிட்ட மொத மொத கேக்கறாங்க. அவங்களுக்கு வெறும் படியா போடுவாங்க?"

பர்வேஸ் சும்மா இருக்காமல், "நீ போட்ட கையால ரெய்ச்சூர்ல ஒரு பொண்ணுக்கு மிசினே பேஜாராயிடுச்சும்மா" என்றான்.

பதுருன்னிசா நிமிர்ந்தாள். "இன்னா ஆச்சு?"

"நெல்லு காயறதுக்குள்ள வெளிய வந்துடுச்சாம்."

"எத்தினி மூட்ட?"

"ரெண்டோ மூணோ. திருப்பிப் போட்டு காயவெச்சுட்டாங்க மாமி, ஒண்ணியும் கெட்டுப் போவல" என்று ஜாஹிரா கணவனை முறைத்தாள்.

பதுருன்னிசா தரையில் சிதறிய நெல்லைக் கையால் குவியலோடு ஒதுக்கினாள். பிறகு, யாரோ வேறு ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல, "அப்ப எம் பேர எடுத்துடுவாங்களா?" என்றாள்.

ஜாஹிரா தராசை இழுத்து அவள் முன்னால் வைத்தாள். மேலே ஒரு தட்டை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

"கைய எடை போடலாம் மாமி."

"கையயா?"

"அளக்கும்போது போடுவீங்களே, அதே மாதிரி. படியையும் அளங்க. நான் எண்ண மாட்டேன், நீங்களே எண்ணுங்க."

பதுருன்னிசா படியை நிரப்பி, வழித்து, தரையில் கவிழ்த்தாள். பிஸ்மில்லா. கைப்பிடியைக் குவியலுக்குப் பதிலாகத் தட்டில் போட்டாள். நாற்பத்தொரு கிராம். ஜாஹிரா எழுதிக்கொண்டாள். ரெண்டு. நாற்பத்தொன்று. மூணு. நாற்பது. நாலு. நாற்பத்தொன்று. இருபது முறையில் நாற்பதுக்குக் கீழே ஒருமுறையும் போகவில்லை, நாற்பத்திரண்டுக்கு மேலே ஒருமுறையும் வரவில்லை. பர்வேஸ் தன் கையையும் போட்டுப் பார்த்தான். முப்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, நாற்பத்தாறு. ஜாஹிராவின் கை முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை அலைந்தது.

"இவன் கை கண்ட மேனிக்குப் போவுது. உன்னுது கஞ்சக் கை" என்றாள் பதுருன்னிசா.

கடைசியாக ஜாஹிரா, இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். மாமியாரை அவள் வழக்கப்படியே இருபது படி கொட்டச் சொல்லி, குவியல் முழுவதையும் வாரி மூட்டைத் தராசில் ஏற்றினாள். இருபது படியும் இருபது கையும் சேர்த்துப் பதினெட்டுக் கிலோ தொள்ளாயிரத்து இருபது வர வேண்டும். தொள்ளாயிரத்து இருபத்தைந்து வந்தது. உயரத்தையும் சுற்றையும் அளந்தாள். பழைய அளவுகளோடு ஒத்துப்போயின.

டேனியலுக்கும் கீர்த்திக்கும் ஒரே கடிதமாக எழுதினாள். படியின் அளவு சரி. ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு கைப்பிடி சேர்ந்திருக்கிறது. தானியம் கொடுக்கும்போது எங்கள் வீட்டு வழக்கம் அது. எதிரிலேயே நின்று நான் கவனிக்கவில்லை, பிழை என்னுடையது. கைப்பிடியை எடைபோட்டுப் பழைய அளவுகளைத் திருத்தியிருக்கிறேன், எடைபோட்ட பட்டியல் கூடவே இருக்கிறது.

கோப்பில் ஒரு வரி கூடியது. கொசுறு என்று பெயர் வைத்து, எதிரே 0.041 என்று எழுதினாள். அதற்குமேல் ஒரு குறிப்பு: படி ஒன்றுக்கு, பதுருன்னிசாவின் கை.

டேனியல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அலகு கிலோகிராமா?

ஆமாம் என்று ஜாஹிரா எழுதினாள். சேர்த்துவிட்டேன் என்று பதில் வந்தது. நெல்லின் உராய்வு இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கியது. பத்து நாளில் கீர்த்தியும் எழுதினாள். இப்போது கணினி நெல்லும் பட்டறை நெல்லும் ஒரே வேகத்தில் இறங்குகின்றன. கடைசியில் ஒரு வரி. எங்கள் வீட்டிலும் ஒரு கை போடுவோம், எனக்கும் தோன்றவில்லை.

அந்த வரியை மட்டும் ஜாஹிரா மாமியாருக்குப் படித்துச் சொன்னாள்.

"நல்ல வூட்டுப் பொண்ணு" என்றாள் பதுருன்னிசா.

பங்குனியில் டேனியல் உளுந்து கேட்டார். பட்டியலில் உளுந்து இல்லை. ஜாஹிரா தரையைப் பெருக்கி, நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். பர்வேஸ் உளுந்து மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். பதுருன்னிசா வந்து பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜாஹிரா செல்போனைப் பிடித்தாள்.

"பிஸ்மில்லா."

படி கவிழ்ந்தது. உளுந்து நெல்லைப் போல நிற்கவில்லை, அகலமாக ஓடிப் படர்ந்தது. காலிப் படி இடது கைக்குப் போனது. வலது கை எழுந்து மூட்டையின் வாய்வரை போய் அங்கேயே நின்றது. பதுருன்னிசா கையை உள்ளேயும் விடவில்லை, திருப்பியும் எடுக்கவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

"போடுங்க மாமி" என்றாள் ஜாஹிரா. "உளுந்துக்குத் தனியா எடை போட்டு எழுதிக்கிறேன்."

கை மூட்டைக்குள் போய்வந்தது.

"ரெண்டு" என்றாள் பதுருன்னிசா.